காமா பயில்வான்: நடிப்பு கலவாத குஸ்தி

அறுவடைக் காலத்தில் பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். அம்பாரத்தின் மேலே கிடக்கும் நெல்லைப் பார்த்து யாரும் ஈரப்பதம் சொல்வதில்லை. உள்ளே கைவிட்டு எடுத்துத்தான் பார்ப்பார்கள். நபி (ஸல்) அவர்களும் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

நம் பிள்ளைகள் செல்போனில் மல்யுத்தம் பார்த்துவிட்டு, இது நிஜமா நடிப்பா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டதுதான். 1989இல் அந்த நிறுவனத்தாரே இது போட்டியல்ல, கேளிக்கை என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் நிஜமான குஸ்தி எப்படி இருந்தது? அதற்குப் பதிலாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய வாழ்க்கை, காமா பயில்வானுடையது.

குலாம் முஹம்மத் பக்ஷ் என்பது அவரது இயற்பெயர். 1878இல் பஞ்சாபில், அமிர்தசரஸ் பகுதியில் குஸ்திக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமாவும் வளர்த்துக் குஸ்தி கற்றுக்கொடுத்தார்கள். பத்து வயதில் ஜோத்பூர் மகாராஜா நடத்திய உடற்பயிற்சிப் போட்டியில், வளர்ந்த பயில்வான்களுக்கு நடுவே கடைசி வரை பஸ்கி எடுத்து நின்ற சிலரில் இந்தச் சிறுவனும் ஒருவர். மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார்.

1895இல், பதினேழு வயதில், ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்தார். அவர் ஏழடியை நெருங்கும் உயரம். காமா ஆறடிக்கும் குறைவு. நெடுநேரம் நடந்த அந்தக் குஸ்தி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்க அவர் பெயர் பரவியது.

1910இல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் போனார். உயரம் போதாது என்று சொல்லி அங்கே போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த எடையிலும் மூன்று பேரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று பகிரங்கமாக அறைகூவல் விடுத்தார். அது வெறும் விளம்பரம் என்றே பலரும் நினைத்தார்கள். காரணம், மேல்நாட்டுக் கோதாக்களில் பேசி வைத்த ஆட்டங்கள் அப்போதே பெருகியிருந்தன. கடைசியில் அமெரிக்கப் பயில்வான் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் பிடியில் அவர் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டாவது பிடியில் பத்து நிமிடத்துக்குள் வீழ்ந்தார்.

அடுத்து, செப்டம்பர் 10 அன்று, போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு பெரிய போட்டி. பரிசு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும். தொடங்கிய சற்று நேரத்திலேயே காமா அவரைத் தரையில் சாய்த்தார். அதன்பின் ஸ்பிஸ்கோ எழுந்து மோதாமல், முதுகு மண்ணில் படக்கூடாது என்று இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தார். பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். நடிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு சலிப்பான ஆட்டத்தை யாரும் ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். அது நிஜம் என்பதற்கு அந்தச் சலிப்பே சாட்சி! சமனில் முடிந்த அந்தப் போட்டியை ஒரு வாரம் கழித்து மறுபடி நடத்த முடிவானது. ஸ்பிஸ்கோ வரவேயில்லை. காமா வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

நாடு திரும்பி, அலகாபாத்தில் சுல்தானிவாலாவையும் வென்று ருஸ்தமே ஹிந்த் பட்டம் பெற்றார்.

இதே ஸ்பிஸ்கோவின் பின்னாள் கதையும் கவனிக்கத்தக்கது. 1925இல் அமெரிக்காவில் வேய்ன் மன் என்ற கால்பந்து வீரரைப் பேசி வைத்தே சாம்பியன் ஆக்கியிருந்தார்கள். ஏப்ரல் மாதம் பிலடெல்பியாவில் அவரிடம் ஸ்பிஸ்கோ தோற்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்பிஸ்கோ வாக்கை மீறி நிஜமாகவே மோதினார். நிஜக் குஸ்தி தெரியாத சாம்பியன் திரும்பத் திரும்ப வீழ்ந்தார். ஸ்பிஸ்கோ இதை நேர்மைக்காகச் செய்யவில்லை. எதிர் அணிக்காரர்களோடு பேசிக்கொண்டுதான் செய்தார். ஆனாலும் நெல்மணியை விலக்கினால் அடியில் கருக்காய் இருந்தது ஊருக்குத் தெரிந்துபோனது.

1928 ஜனவரியில் பட்டியாலாவில், அந்த ஸ்பிஸ்கோவே காமாவின் எதிரில் மீண்டும் நின்றார். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. பெருங்கூட்டம் நீண்ட ஆட்டத்தை எதிர்பார்த்து வந்திருந்தது. ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை மண்ணில் சாய்த்துவிட்டார். கூட்டத்துக்காக ஆட்டத்தை இழுக்கவில்லை.

நாட்டுப் பிரிவினையின்போது அவர் லாகூரில் இருந்தார். 1947 கலவரத்தில் தம் பகுதி இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தைத் தம் பயில்வான்களோடு தடுத்து நின்று, அவர்கள் பத்திரமாக எல்லை கடக்க உதவினார் என்று அவர் வாழ்வை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். கடைசிக் காலத்தில் நோயும் பணக்கஷ்டமும் வாட்டின. இந்தியத் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா அவருக்கு உதவித்தொகை அனுப்பினார். 1960 மே மாதம் லாகூரில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மோதி வீழ்த்துகிறவர் வீரர் அல்லர், கோபத்தில் தன்னை அடக்குகிறவரே வீரர் என்பது நம் நபி (ஸல்) அவர்களின் போதனை. 1947இன் வெறி காற்றில் அடித்துப் போகாத காமா, அந்த அளவுகோலிலும் தேறுகிறார். அவருடைய குவியலில் மேலே இருந்ததே அடியிலும் இருந்தது. வியாபாரமானாலும் வாக்கானாலும் வணக்கமானாலும், கைவிட்டுப் பார்க்கும்போது நம்முடையதும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.