காற்றில் மோதிய செய்திகள்!
வழி கண்டார் மார்க்கோனி

கம்பி இல்லாமல் தந்தி அனுப்பி உலகத்தை வியக்க வைத்தவர் மார்க்கோனி. அந்த மேதையையே ஒரு தொல்லை ஆட்டிப் படைத்தது. அது என்ன?

மார்க்கோனி இத்தாலி நாட்டுக்காரர். பொலோனா நகரில் 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தார். தந்தை நிலச்சுவான்தார். தாயார் அயர்லாந்துப் பெண்மணி.

1895-ம் ஆண்டில் அவர் அனுப்பிய மின் அலை, வீட்டருகே இருந்த குன்றைத் தாண்டிச் சென்றது. அப்போது அவருக்கு வயது 21தான்! மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1897-ல் அங்கே கம்பெனி தொடங்கப்பட்டது.

ஒரே குழப்பம்

கம்பித் தந்தியில் செய்தி தன் கம்பி வழியே போகும். கம்பி இல்லாத் தந்தி அப்படி அல்ல. அலைகள் நாலாபக்கமும் பாயும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். ஒன்றுமே புரியாது. பிறகு அந்தத் தந்தியால் யாருக்கு என்ன பயன்?

சுருதி சேர்த்தார்

ஒரு வீணையை மீட்டினால், அதே சுருதியில் பக்கத்தில் இருக்கும் தந்தியும் அதிரும். சுருதி வேறானால் சும்மா இருக்கும். மின் அலைகளும் அப்படித்தான். இந்த முறைக்கு 1897-லேயே வழி காட்டியவர் ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கில விஞ்ஞானி. மார்க்கோனி அதை வளர்த்து, 1900-ல் காப்புரிமை பெற்றார். அதன் எண் 7777.

அதே ஆண்டு சோதனை நடந்தது. ஒயிட் தீவில் இருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினார்கள். ஒன்று ஆங்கிலம், மற்றது பிரெஞ்சு. சுமார் 30 மைலுக்கு அப்பால், பூல் நகரில், ஒரே வான்கம்பியில் இரண்டு கருவிகள் காத்திருந்தன. ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை மட்டும் பிழையின்றிப் பதித்தது!

1909-ல் மார்க்கோனிக்கும் பிரவுன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டைட்டானிக்

ஆனால் கடலில் கப்பல்கள் பொது அலைவரிசையிலேயே பேசின. 1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு. டைட்டானிக் கப்பலின் தந்தி ஊழியர், கரை நிலையத்துடன் பேசிக்கொண்டிருந்தார். அருகே நின்ற கலிபோர்னியன் கப்பல், பனிக்கட்டி சூழ்ந்திருக்கிறது என்று எச்சரித்தது. பக்கத்துக் கப்பல் அல்லவா? சத்தம் காதைப் பிளந்தது. குறுக்கே வராதே என்று டைட்டானிக் ஊழியர் சீறினார். சிறிது நேரத்தில் கலிபோர்னியன் ஊழியர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்.

டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. உதவி கேட்டுக் கதறியது. பக்கத்துக் கப்பலின் காதில் விழவில்லை! சுமார் 1,500 பேர் மாண்டனர். தொலைவில் இருந்த கார்பேதியா கப்பல் தந்தி கேட்டு விரைந்து வந்தது. 700-க்கு மேற்பட்டோர் பிழைத்தனர்.

இன்றும் அதே தொல்லை

1937-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ரோம் நகரில் மார்க்கோனி காலமானார். உலகின் பல வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மவுனமாக இருந்தன.

இப்போது கடைச் சரக்கிலும் நூலகப் புத்தகத்திலும் சிறிய ரேடியோ சீட்டுகள் ஒட்டுகிறார்கள். கருவி அழைத்ததும் எல்லாச் சீட்டுகளும் ஒன்றாகப் பதில் சொன்னால்? அதே பழைய குழப்பம்தான்! சீட்டுக்கு ஒரு சுருதி வைக்க முடியாது. ஆகவே பல வகைகளில் ஒவ்வொரு சீட்டும் குலுக்கல் போல ஓர் எண் எடுக்கிறது. தன் முறை வந்ததும் பேசுகிறது. இரண்டு மோதினால் மறுபடி குலுக்கல்!

மார்க்கோனி ஆளுக்கொரு சுருதி கொடுத்தார். இந்தச் சீட்டுகள் ஆளுக்கொரு முறை எடுத்துக்கொள்கின்றன.