டங்கன் வைட் (1918 – 1998)

இலங்கைக்கு முதன்முதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத்தந்த வீரர் டங்கன் வைட் ஆவார். இவர் 1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி களுத்துறை மாவட்டத்தில் உள்ள லத்பந்துர என்னும் ஊரில் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி கற்றார்.

இவரது சிறப்பு நிகழ்ச்சி 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம் ஆகும். ஆண்களுக்கான இந்நிகழ்ச்சியில் 91.4 சென்ரிமீற்றர் உயரமான பத்துச் சட்டவேலிகளைத் தாண்ட வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து முதலாவது சட்டவேலி 45 மீற்றர் தூரத்திலும், ஏனையவை 35 மீற்றர் இடைவெளியிலும் இருக்கும். கடைசிச் சட்டவேலியிலிருந்து முடிவுக் கோடு 40 மீற்றர். எனவே வேகம் மட்டும் போதாது. களைத்த நிலையிலும் காலடிகளின் எண்ணிக்கை குழம்பாமல் ஓடத் தெரிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் காரணமாக 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. ஓட்ட வீரர் ஒருவருக்கு மிகச் சிறந்த வயதில் வைட்டுக்கு அந்த மேடை கிடைக்காமற் போனது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக் நடைபெற்றபோது அவருக்கு வயது 30. இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட நிறைவடையவில்லை. இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக்கும் அதுவே. 

யூலை 31இல் வெம்பிளி அரங்கில் இறுதிப்போட்டி நடைபெற்றது. அமெரிக்காவின் றோய் கொக்றன் 51.1 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். வைட் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். சுவீடனின் றூனே லார்சன் 52.2 செக்கனில் மூன்றாமிடம் பெற்றார். அப்போட்டிகளுக்கு முன்பிருந்த ஒலிம்பிக் சாதனை 52.0 செக்கனாகும். ஆகவே இரண்டாமிடம் பெற்ற வைட்டும் அதனைவிடக் குறைந்த நேரத்திலேயே ஓடியுள்ளார் என்பது கவனிக்கத்தக்கது.

1950இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் உடற்கல்வித் துறையில் பணியாற்றினார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த இவர் 1998 யூலை 3இல் அங்கு காலமானார்.

வைட்டுக்குப் பின்னர் இலங்கை அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற 52 ஆண்டுகள் சென்றன. 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க அதனைப் பெற்றார். வசதிகள் குறைந்த காலத்தில், பிந்திக் கிடைத்த ஒரே வாய்ப்பைத் தவறவிடாது பயன்படுத்தியமையே வைட்டின் வாழ்வு தரும் பாடமாகும்.

நினைவிற் கொள்க:
1. முதலாவது ஒலிம்பிக் பதக்கம் – டங்கன் வைட், 1948, இலண்டன், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம், வெள்ளி.
2. பதக்கம் பெற்ற முதலாவது இலங்கைப் பெண் – சுசந்திகா ஜயசிங்க, 2000, சிட்னி, 200 மீற்றர். அன்று வெண்கலம், பின்னர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது.
3. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.