வீணை எஸ். பாலச்சந்தர்

இக்கட்டுரை வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தரைப் பற்றியது. திரைப்பட இயக்குநர் கே. பாலச்சந்தர் வேறொருவர்.

எஸ். பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) தமிழகத்தைச் சேர்ந்த வீணைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர் ஆவார். கருநாடக இசை உலகில் வீணை பாலச்சந்தர் என அறியப்பட்டார். தமிழ்த் திரையுலகில் மர்மப் படங்களுக்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். இவர் இயக்கிய அந்த நாள் (1954) பாடல், நடனம், சண்டைக் காட்சி எதுவும் இன்றி வெளிவந்தது.

இளமை

சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் கலைகளில் ஈடுபாடு கொண்டவர். அண்ணன் எஸ். ராஜம் பாடகராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றார். கோலாப்பூரில் பிரபாத் நிறுவனம் தயாரித்த சீதா கல்யாணம் (1934) என்னும் தமிழ்ப்படத்தில் இக்குடும்பத்தினர் பலர் நடித்தனர். ராஜம் இராமனாகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். சிறுவனான பாலச்சந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிப்பவராக வந்தார். பின்னர் பல இசைக்கருவிகளைப் பழகினார். வீணையை ஆசிரியர் எவரிடமும் பயிலாமல் தாமே கற்றுத் தேர்ந்தார்.

திரைத்துறை

என் கணவர் (1948) படத்தின் மூலம் இயக்குநரானார். 1951 இல் கைதி படத்தை இயக்கினார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ராஷோமோன் (1950) படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் கண்டது இவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது. ஒரே நிகழ்வைப் பலர் வெவ்வேறாகச் சொல்லும் அந்த முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார், அது ஏற்கப்படவில்லை. பின்னர் அக்கருவை ஏ. வி. மெய்யப்பனிடம் கூறினார். ஏவிஎம் நிறுவனம் அதனைப் படமாக்க முன்வந்தது. திரைக்கதை, வசனத்தை ஜாவர் சீதாராமன் எழுதினார்.

அந்த நாள் படத்தின் தொடக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கதை அக்காலத்தில் நிகழ்கிறது. அன்றைய தமிழ்ப்படங்கள் பொதுவாகப் பாடலுடனோ நாயகனின் அறிமுகத்துடனோ தொடங்கின. இப்படமோ துப்பாக்கிச் சூட்டுடன் தொடங்குகிறது. நாயகனான வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு விழுகிறார். சுட்டவர் யார் என்பது காட்டப்படுவதில்லை.

இத்தொடக்கத்தின் விறுவிறுப்பு மூன்று கூறுகளால் உருவாகிறது.

ஒளிப்பதிவுக் கருவி: சட்டகத்துக்குள் எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை விலக்குவது என்பதும் இயக்குநரின் தேர்வு. சாவைக் காட்டிக் கொலையாளியை விலக்குவதால் கதையின் கேள்வி முதற்காட்சியிலேயே எழுந்துவிடுகிறது. தாழ்ந்த கோணக் காட்சிகள் கதைமாந்தரைப் பற்றிய ஐயத்தை வளர்க்கின்றன.

ஒளியமைப்பு: வழக்கமான காட்சியில் முதன்மை விளக்கு உண்டாக்கும் நிழலை எதிர்ப்புறத்து விளக்கு மென்மையாக்கும். அந்த இரண்டாம் ஒளியைக் குறைத்தால் முகத்தின் ஒரு பாதி இருளில் மறையும். மாருதி ராவின் கருப்பு-வெள்ளை ஒளிப்பதிவு இம்முறையைச் சிறப்பாகக் கையாண்டது. எவரையும் முழுமையாக நம்ப முடியாத கதைக்கு அது பொருந்தியது.

படத்தொகுப்பு: விசாரணையில் ஒவ்வொருவரும் வேறொருவர் மீது ஐயம் கொள்கின்றனர். அதற்கேற்ப அதே கொலை வெவ்வேறு கொலையாளிகளுடன் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. தொடக்கத்தில் வெட்டி மறைக்கப்பட்ட துண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பப்படுகிறது. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனை மனைவி உஷாவே (பண்டரிபாய்) சுட்டாள் என்பது இறுதியில்தான் தெரிய வருகிறது.

பாடல்கள் இல்லாததால் இவ்விறுக்கம் இடையில் தளர்வதில்லை. இசைக்கலைஞரான ஒருவரே பாடல்களை விலக்கியது குறிப்பிடத்தக்கது.

வரவேற்பு

அந்த நாள் ஏப்ரல் 13, 1954 அன்று வெளியானது. விமர்சகர்கள் பாராட்டினர், தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. எனினும் பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். முதல் வெளியீட்டில் வசூல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பிற்காலத்தில் இப்படம் தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிப்பிடப்பட்டது.

பிற்காலப் படங்கள்

அவனா இவன் (1962), பொம்மை (1964), நடு இரவில் (1970) ஆகிய படங்களில் இயக்கத்துடன் நடிப்பு, இசை ஆகிய பொறுப்புகளையும் ஏற்றார். பொம்மையில் இவர் கையாண்ட உத்தி அந்த நாளுக்கு நேர்மாறானது. வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிச் செல்கிறது. அதனுள் என்ன இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும். அதை வைத்திருப்பவருக்குத் தெரியாது. முந்தைய படத்தில் அறியாமை அச்சத்தைத் தந்தது. இதில் அறிந்திருப்பதே அச்சத்தைத் தருகிறது. கே. ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்கு அறிமுகமானதும் இப்படத்தில்தான்.

நடு இரவில், அகதா கிறிஸ்டியின் புதினம் ஒன்றைத் தழுவியது. தனித்த வீட்டில் கூடும் உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். படம் முடிந்தும் சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரே திரைக்கு வந்தது. பேய் எதுவும் இல்லாமல் இருளையும் தனிமையையும் கொண்டே திகிலூட்டிய படம் எனப் பெயர் பெற்றது. இதுவே இவர் இயக்கிய கடைசிப் படம்.

இசையும் மறைவும்

அதன்பின் முழுமையாக வீணையில் ஈடுபட்டார். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் கச்சேரிகள் செய்தார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1982 இல் பத்ம பூசண் விருது பெற்றார். இசை வரலாறு குறித்த கருத்துப் போர்களிலும் முனைப்புடன் கலந்துகொண்டார்.

கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, ஏப்ரல் 13, 1990 அன்று காலமானார். அந்த நாள் வெளியாகிச் சரியாக 36 ஆண்டுகள் நிறைவடைந்த நாள் அது.