ஹஜ்ஜுப் பாதையும் பொன்னானி மக்தூமும்

நம் மதரஸாக்களில் ஷாபிஈ ஃபிக்ஹு ஓதும் மாணவர்களுக்கு 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் கிதாபு நன்கு அறிமுகமானது. ஹிஜ்ரி 982ல் அதனை எழுதி முடித்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், தம் காலத்துக் கடற்போர்களின் வரலாற்றையும் எழுதிவைத்தார்கள் என்பதைப் பலர் அறியார்.

அன்னாரின் முன்னோர் நம் கீழைக்கரையாகிய மஅபரிலிருந்து மலபார் சென்றவர்கள். 1522ல் மறைந்த பாட்டனார் முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பொன்னானியைக் கல்விப் பட்டணமாக்கினார்கள். பேரரோ மக்கா சென்று இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் ஓதித் திரும்பி, பொன்னானிப் பள்ளியில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்தார்கள்.

1498க்கு முன் அரபியர், குஜராத்தியர், மரைக்காயர் எவர் மரக்கலமும் இக்கடலில் எவரிடமும் சீட்டுக் கேட்டு ஓடியதில்லை. அவ்வாண்டு வந்த போர்த்துக்கீசியப் பறங்கியர் சில ஆண்டுகளிலேயே கடலைத் தமதென்றனர். 'கார்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்காத கப்பல் பிடிபட்டால் கப்பலும் சரக்கும் பறிபோகும். 1502ல் மக்காவிலிருந்து திரும்பிய ஒரு கப்பலை வாஸ்கோட காமா பெண்கள், குழந்தைகளோடு கொளுத்தினான்.

இது வியாபாரிகளின் நஷ்டம் மட்டுமா? வழியில் உயிருக்கும் பொருளுக்கும் அச்சமற்றிருப்பது ஹஜ் கடமையாவதற்கு நிபந்தனை என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆகவே கடல்வழியை மறித்தவன், இஸ்லாத்தின் ஐந்தாம் கடமையின் வாசலையே மறித்தவனாகிறான். சட்டம் ஓதிக்கொடுத்த ஆலிம், கடற்போரை எழுத நேர்ந்ததன் நியாயம் இதில் விளங்கும்.

'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்ற அந்த அரபி நூலைப் பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கினார்கள். 1583 வரையிலான நிகழ்ச்சிகள் அதில் உள்ளன. 1538ல் நம் இராமநாதபுரக் கரையில் வேதாளையில் மரைக்காயர் படை தோற்றதும் உண்டு. 1571ல் சாலியம் கோட்டையைப் பறங்கியர் இழந்ததும் உண்டு. வெற்றியைப் பெரிதாக்கவுமில்லை, தோல்வியை மறைக்கவுமில்லை. அக்கோட்டையை வென்ற ஸாமூதிரி மன்னர் இந்து. அவர் முஸ்லிம்களுக்குச் செய்த ஆதரவை அன்னார் நன்றியோடு பதிவு செய்தார்கள்.

பிற நாட்டுக் கரைக்கடலிலும் தீங்கு செய்யாது கடந்து செல்லும் கப்பலுக்கு வழி உண்டு என்பதை ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையும் ஏற்றுள்ளது. அவ்வழி அடைபட்டால் என்னவாகும் என்பதைப் பொன்னானிப் பள்ளியில் இருந்தவாறே அன்னார் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிவிட்டார்கள்.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.