ஆடற்கலை திறந்த கல்விக் கதவு
(ருக்மணி தேவி அருண்டேல் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு)

கல்விக்கூடத்திற்கு வாயில் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். தேர்வில் மிகுந்த புள்ளி பெற்றோர் மட்டுமே அதனுள் நுழைய இயலும் என்றும் கருதுகின்றோம். எண்ணும் எழுத்தும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாளம் தவறாத கால்களுக்கும் கருத்தை உணர்த்தும் கைகளுக்கும் அக்கதவைத் திறக்கும் ஆற்றல் உண்டு. இதனைத் தம் வாழ்வால் மெய்ப்பித்துக் காட்டிய பெருமாட்டி ருக்மணி தேவி அருண்டேல் ஆவார். அவர்தம் வரலாற்றை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

ருக்மணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி ஒரு பொறியியலாளர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தையார் பிரம்மஞான சங்கத்தில் பற்றுடையவர் ஆதலின், பணி ஓய்வுக்குப் பின் குடும்பம் சென்னை அடையாற்றில் குடியேறியது. அங்கே அன்னி பெசண்ட் அம்மையாரின் நல்லெண்ணத்தைப் பெற்று ருக்மணி வளர்ந்தார். 1920-ஆம் ஆண்டில், தமது 16-ஆம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளரை மணந்தார். ஊர் மிகவும் தூற்றியது. அவரோ மனந்தளரவில்லை.

அக்காலத்தில் பரதநாட்டியம் 'சதிர்' என்றே வழங்கிவந்தது. தேவரடியார் மரபில் வந்த மகளிர் ஆட, நட்டுவனார்கள் அதனைக் கற்பித்துக் காத்துவந்தனர். காலப்போக்கில் கோயில்களும் அரசவைகளும் அளித்த ஆதரவு குன்றியது. அக்கலையும் அதனை ஆடிய மகளிரும் இகழ்ச்சிக்கு உள்ளாயினர். மற்றக் குடும்பத்துப் பெண்கள் ஆடுவதை எவரும் கனவிலும் ஏற்கவில்லை. நடனம் கற்கும் பெண்ணுக்குப் பெருமை சேரும் என்று அன்று சொல்லியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பர்.

இந்நிலையில், 1920-களின் இறுதியில் ருக்மணி தேவி உலகப் புகழ்பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டு வியந்தார். பின்னர்க் கடற்பயணத்தில் அவருடன் நட்புப் பூண்டார். அந்தப் பாவ்லோவாவின் வரலாற்றையும் இங்கு நாம் சிறிது அறிதல் வேண்டும். அவர் 1881-ஆம் ஆண்டில் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில், துணி வெளுத்துப் பிழைத்த ஏழைத் தாய்க்கு மகளாகப் பிறந்தவர். மேடையில் ஒரு நடனத்தைக் கண்ட நாள் முதல் தானும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் கொண்டார். அரசு நடனப் பள்ளி முதல் முறை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வயதும் உடல் வலிமையும் போதா என்று கூறிவிட்டது. சிறுமி சோர்ந்துவிடவில்லை. 1891-ஆம் ஆண்டில், பத்து வயதில், மீண்டும் முயன்று இடம் பெற்றார். உணவும் உறையுளும் பொதுப்பாடங்களும் அப்பள்ளியிலேயே கிடைத்தன. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு நடனமே கல்விக் கதவைத் திறந்தது.

இத்தகைய பாவ்லோவாவின் குழுவினரிடம் ருக்மணி தேவி பாலே நடனம் பயின்றார். ஆனால், தம் சொந்த மண்ணின் நடனத்தைத் தேடிக் காணுமாறு பாவ்லோவாவே அவரைத் தூண்டினார். பின்னர்ச் சென்னையில் சதிர் ஆட்டத்தைக் கண்ணுற்ற ருக்மணி தேவி, தாம் தேடிய கலை அதுவே எனத் தெளிந்தார்.

தேடியது கிட்டிற்று, கற்பதோ எளிதாக இல்லை. வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஐந்தாறு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி அது. உற்றாரும் மற்றோரும் எதிர்த்தனர். எனினும், மயிலாப்பூர் கௌரி அம்மாள் அவருக்கு அபிநயம் கற்பித்தார். வழக்கறிஞரும் கலைத்தொண்டருமான ஈ. கிருஷ்ண ஐயரின் துணையால் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். அப்பேராசானும் முதலில் தயங்கிப் பின்னரே இசைந்தார். அரைமண்டியில் அமர்ந்து, தட்டடவில் தொடங்கி, ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களிலும் ஆடிப் பழகுவது சிறு குழந்தைகளையே களைப்படையச் செய்யும். முப்பது வயதில் அதனை மேற்கொண்டவரின் மன உறுதியை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பிரம்மஞான சங்கத்தின் வைரவிழா மாநாட்டில், தமது 31-ஆம் வயதில் அவர் மேடையேறினார். ஏச எண்ணி வந்தவர்களுள்ளும் பலர் மனம் மாறினர்.

தாம் பட்ட இடர் பிறர் படலாகாது என்று அவர் கருதினார் போலும். 1936-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அடையாற்றில், ஒரு மரத்தடியில், ஒரே மாணவியுடன் கலைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கலாஷேத்ரா எனப் பெயர் பெற்றது. இசைமேதை டைகர் வரதாச்சாரியார் முதலிய சான்றோர் அங்கு ஆசிரியர்களாக வீற்றிருந்தனர். இன்று திருவான்மியூரில் கடலோரம் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலப்பரப்பில் அந்நிறுவனம் விளங்குகின்றது. அங்கே இடம் பெற விரும்புவோர் நேரில் தம் திறனைக் காட்டுதல் வேண்டும். ஆடற்பயிற்சியுடன் இசை, மொழி, கலைவரலாறு ஆகியனவும் பாடங்களாக உள்ளன.

பொதுக்கல்வியையும் அம்மையார் மறந்தாரல்லர். 1939-ஆம் ஆண்டில் அருண்டேல் தம்பதியரின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1943-ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையத்தை ருக்மணி தேவி நிறுவி, அரிய ஓலைச்சுவடிகள் அழியாது காத்தார். ஏடும் ஆடலும் அவருக்கு இரு கண்களாக விளங்கின.

அவரது பணி கருத்து வேறுபாடின்றி நடைபெறவில்லை. சிருங்காரச் சுவை மிகுந்த சில உருப்படிகளை அவர் விலக்கினார். மரபுவழிக் கலைஞரான பாலசரஸ்வதி அம்மையாரோ அச்சுவையே இக்கலையின் உயிர் என்று வாதிட்டார். இகழ்ச்சிக்கிடையே இக்கலையைக் காத்துத் தந்த மரபுக் குடும்பத்து மகளிருக்கும் நட்டுவனார்களுக்கும் நாம் என்றும் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

1952-ஆம் ஆண்டில் இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, வாயில்லா உயிர்களுக்காக வாதாடினார். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அவர்தம் முயற்சியால் விளைந்ததாகும். 1956-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்றார். 1977-ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் வேண்டியபோது அன்புடன் மறுத்துவிட்டார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1993-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டமியற்றிக் கலாஷேத்ராவைத் தேசியச் சிறப்புடைய நிறுவனமாக ஏற்றது.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? நம் மலேசிய நாட்டிலும் நடனம் ஒரு வாயிலாகத் திறந்துள்ளது. ஆறாம் ஆண்டை முடித்த மாணவர்களை மலேசியக் கலைப் பள்ளிகள் முதலாம் படிவத்திற்குத் தேர்ந்தெடுக்கும்போது, நடனம், இசை, நாடகம், ஓவியம் ஆகியவற்றில் அவர்தம் திறனைச் சோதித்தே இடமளிக்கின்றன. ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அத்திறனாலேயே ஓர் இடம் கிட்டக்கூடும். பயிற்சிக்கும் நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1981-ஆம் ஆண்டில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களால் தோற்றுவிக்கப்பெற்ற டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் நுண்கலை நிலையம் நம் பிரிக்பீல்ட்ஸ் பெர்ஹாலா சாலையில் இன்றும் இயங்கிவருகின்றது.

அன்பார்ந்த பெற்றோர்களே! விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்று உழைக்கும் தோட்டத்துத் தாய்மார்களும் தந்தைமார்களும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது நம் விழைவு. பள்ளி விழாவில் உங்கள் பிள்ளை ஆடும்போது அதனை ஒருநாள் வேடிக்கையாக எண்ணிவிடாதீர்கள். ஆட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சித் தடுக்கவும் வேண்டாம். அதுவே அப்பிள்ளையின் கல்விக்கு வழியாகவும் அமையலாம்.

மாணவச் செல்வங்களே! திறன் கதவைத் திறக்கும். உள்ளே நிலைத்து நிற்க உழைப்பே துணை செய்யும். ஒருமுறை இடம் மறுக்கப்பட்டால் வெளுப்பவர் மகளை எண்ணுங்கள். காலங்கடந்துவிட்டதே என்று கலங்கினால் முப்பது வயதில் தட்டடவு பழகிய அம்மையாரை எண்ணுங்கள். பாடநூலையும் சலங்கையையும் ஒருங்கே போற்றி வாழ்வில் உயர்வீர்களாக!