எக்காளம் ஊதிய கை

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் உலகப் புகழைவிட, சிறுவர்பால் அவர் காட்டிய பரிவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1901-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கி சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர், துப்பாக்கி பிடித்த அந்தக் கையில் கார்னெட் குழலைக் கொடுத்தார். 1925-இல் நியூயார்க்கில் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். பின்பு எக்காளக் கலைஞராக ஓங்கினார்.

முதுமையில் நியூயார்க்கின் கொரோனா பகுதியில், தம் எளிய வீட்டு வாசற்படியில் தெருப்பிள்ளைகளுக்கு எக்காளம் ஊதிக்காட்டினார். டிஸ்னி படப்பாடல்களை 1968-இல் பதிவு செய்தார். 1971 பிப்ரவரியில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கவிதையொன்றைப் படித்துப் பதிந்தார். அவ்வாண்டு ஜூலை 6-இல் மறைந்தார்.

நண்பர்களே, தவறிய சிறுவனைத் தள்ளுமுன், அவன் கையில் நாம் என்ன கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்போமாக!