டி-ஷர்ட்ல இருக்குற அந்த அலைகள்... அதுக்குப் பின்னாடி 23 வயசுப் பாடகர் ஒருத்தர்!

கறுப்பு டி-ஷர்ட். நடுவுல மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்குற வெள்ளைக் கோடுகள். காலேஜ் கேன்டீன், மெட்ரோ ரயில், இன்ஸ்டா ரீல்ஸ்னு எங்கேயாவது நிச்சயம் பார்த்திருப்பீங்க. போட்டிருக்கிறவங்ககிட்ட இது என்னன்னு கேட்டா, டிசைன் நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். தப்பே இல்ல. டிசைன் நிஜமாவே செம.

அந்தக் கோடுகள் ஒரு நட்சத்திரத்தோட துடிப்பு. 1967-ல் ஜோசலின் பெல் கண்டுபிடிச்ச முதல் பல்சரோட ரேடியோ அலைகள். அதை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துல பார்த்து, நம்ம ஆல்பத்துக்கு அட்டைப்படம் இதுதான்னு முடிவு பண்ணுச்சு மான்செஸ்டர் பக்கத்து நாலு பசங்களோட ஒரு ராக் பேண்ட். டிசைனர் பீட்டர் சாவில் அதைக் கறுப்புல வெள்ளையா மாத்திக் கொடுத்தார். ஆல்பம் பேர் `அன்நோன் பிளஷர்ஸ்'. வெளியானது 1979 ஜூன். பேண்ட் பேர் ஜாய் டிவிஷன். அடுத்த மே மாசத்தோட அந்த பேண்டே இல்லாம போச்சு. ஏன்னா, அதுல பாடின இயன் கர்ட்டிஸ் இல்ல.

ரெண்டு ஆல்பம், கைவிரல்ல எண்ணிடுற அளவு சிங்கிள்ஸ். அவ்வளவுதான் மொத்தச் சொத்தே. ஆனா, இன்னைக்கும் ரசிகர்கள் அந்தப் பாடல்களைத் திரும்பத் திரும்ப எடுத்து வெச்சு எடை போட்டுக்கிட்டே இருக்காங்க. எது உசத்தி, எது ஓவர் ரேட்டட்ங்கிற சண்டை ஒரு பக்கம். இன்னொரு கேள்விதான் முக்கியமானது. இந்தப் பாட்டெல்லாம் ஒரு மரண வாக்குமூலமா, இல்ல, வாழ்ந்துட்டிருந்த ஒரு இளைஞரோட வேலையா?

இயன் பிறந்தது 1956 ஜூலை 15-ல். வளர்ந்தது மான்செஸ்டருக்குத் தெற்கே இருக்குற மேக்கிள்ஸ்ஃபீல்ட். அப்பா ரயில்வே போலீஸ். பையன் படிப்புல கெட்டி, ஆனா ஸ்கூல் பாடத்தைவிட டேவிட் போவி ரெக்கார்டுகள்தான் பெருசு. கையில எப்பவும் ஒரு புத்தகம். தஸ்தயேவ்ஸ்கி, கோகோல், பல்லார்ட், பரோஸ்னு கனமான ஆளுங்க. பின்னாடி அவர் பாட்டுத் தலைப்புகள்ல கோகோல், பல்லார்ட் புத்தகப் பேர்களே அப்படியே வந்து உக்காந்துச்சு. 19 வயசுல, 1975 ஆகஸ்ட்டுல, டெபோரா உட்ரஃப்பைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்புறம் அரசு வேலை.

1976 ஜூன் 4. மான்செஸ்டர்ல ஒரு சின்ன ஹால்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்ட் வாசிச்சுது. கூட்டம் கம்மி. ஆனா வந்திருந்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் ரெண்டு பேருக்கும், இதை நம்மளாலயும் பண்ண முடியுமேன்னு தோணிடுச்சு. மறுநாளே ஹுக் போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கிட்டார். வாசிக்கத் தெரியாது, அது வேற விஷயம். ஜூலையில அதே ஹால்ல பிஸ்டல்ஸ் திரும்ப வந்தப்போ இயனும் அங்கே இருந்தார். பாடகர் தேவைன்னு ரெக்கார்டு கடையில சம்னர் ஒட்டின விளம்பரத்தைப் பார்த்து அவர் போன் பண்ண, ஆடிஷன்கூட இல்லாம ஆளை எடுத்துட்டாங்க. டிரம்மர் ஸ்டீஃபன் மாரிஸ் 1977-ல் வந்து சேர்ந்தார்.

முதல்ல வெச்ச பேர் வார்சா. லண்டன்ல கிட்டத்தட்ட அதே பேர்ல இன்னொரு குழு இருந்ததால மாத்த வேண்டி வந்துச்சு. இங்கேதான் ஒரு சிக்கல். ஜாய் டிவிஷன்ங்கிறது, நாஜி வதைமுகாம்ல பாலியல் அடிமைகளா வைக்கப்பட்ட பெண்களோட பிரிவுக்கு ஒரு நாவல்ல வர்ற பேர். போதாததுக்கு அவங்களோட முதல் ரெக்கார்டோட அட்டைப்படத்துல ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவன் டிரம் அடிக்கிற ஓவியம். பேண்ட் மேல நாஜி அனுதாபின்னு சந்தேகம் விழுந்துச்சு. 20 வயசு பசங்க, பங்க் காலத்து அதிர்ச்சி வைத்தியம்னு ரசிகர்கள் சப்பைக்கட்டு கட்டுறதுண்டு. எனக்கு அது போதுமான பதிலாத் தெரியல. அவங்க நாஜிகள் இல்ல. ஆனா அந்தப் பெண்களோட வலியை ஒரு `கூல்' பேரா எடுத்துக்கிட்டது தப்புதான். பாட்டைப் பிடிக்கும்ங்கிறதுக்காக இதை மறைக்க வேண்டியதில்ல.

`அன் ஐடியல் ஃபார் லிவிங்'ங்கிற அந்த முதல் ரெக்கார்டு 1978 ஜூன்ல 1,000 காப்பி போட்டாங்க. ஒலித்தரம் சுமார். அந்த வருஷமே டிவி தொகுப்பாளர் டோனி வில்சன் கண்ணுல பட்டாங்க. அவரோட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்ல சேர்ந்த பிறகுதான் கதை மாறுது. காரணம், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட். டிரம்ஸை ஒவ்வொண்ணா பிரிச்சுத் தனித்தனியா ரெக்கார்டு பண்ணுவார். இயன் குரலை டெலிபோன் லைன் வழியா எடுப்பார். கண்ணாடி உடையுற சத்தம், லிஃப்ட் சத்தம், ஸ்பிரே கேன் சத்தம்னு எதையும் விட மாட்டார். மேடையில காட்டுத்தீ மாதிரி எரிஞ்ச பேண்ட், ரெக்கார்டுல நடுராத்திரி காலி குடோன்ல வாசிக்கிற மாதிரி கேட்டுச்சு. சம்னருக்கும் ஹுக்குக்கும் அது சுத்தமா பிடிக்கல. எங்க பாட்டை இவர் கெடுத்துட்டார்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. ரசிகர்கள்லயும் இன்னைக்கு வரைக்கும் ஹேனட் கட்சி, லைவ் கட்சின்னு ரெண்டு இருக்கு. நான் ஹேனட் கட்சி. ஆனா லைவ் கட்சிக்காரங்க ஒரு வீடியோவைக் காட்டுனா என்கிட்ட பதில் இருக்காது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

இயன் மேக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்துல மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கிற பிரிவுல இருந்தார். அங்கே வலிப்பு நோய் உள்ள ஒரு பெண் வேலை தேடி வருவாங்க. ஒரு கட்டத்துல வர்றது நின்னுடுச்சு. வேலை கிடைச்சிடுச்சு போலன்னு நினைச்சார். இறந்துட்டாங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுது. அந்தப் பாதிப்புல எழுதினதுதான் `ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'. 1978-லயே அதை மேடையில பாட ஆரம்பிச்சுட்டாங்க.

அந்த வருஷம் டிசம்பர் கடைசியில, லண்டன்ல கச்சேரி முடிச்சு கார்ல திரும்பும்போது இயனுக்கே வலிப்பு வந்துச்சு. அடுத்த மாசம் டாக்டர்கள் உறுதி பண்ணிட்டாங்க.

இப்போ வரிசையைக் கவனிங்க. பாட்டு முதல்ல, நோய் அப்புறம். அவர் தன்னைப் பத்தி எழுதல. இன்னொருத்தரோட வலியைப் பக்கத்துல இருந்து பார்த்து எழுதினார். அவர் எழுதினது எல்லாமே தன்னோட முடிவுக்கான முன்னறிவிப்புன்னு சொல்றவங்க இந்த ஒரு பாட்டுலயே தடுக்கி விழுந்துடுவாங்க. ஆனா, அதுக்கப்புறம் ஒவ்வொரு மேடையிலயும் அதே பாட்டைத் தானும் ஒரு நோயாளியா நின்னு பாடணும்ங்கிறதை நினைச்சா... ஒரு மாதிரி ஆகுது.

லைவ் கட்சிக்காரங்க காட்டுற வீடியோ இதுதான். 1979 செப்டம்பர்ல பிபிசி-யோட ஒரு இளைஞர் நிகழ்ச்சி. `டிரான்ஸ்மிஷன்', `ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' ரெண்டும் பாடினாங்க. கை ரெண்டும் காத்துல வெட்டி வெட்டி, கண்ணு எங்கேயோ நிலைகுத்தி இயன் ஆடுற ஆட்டம் இருக்கே, ஒரு தடவை பார்த்தா மறக்காது. பார்த்தவங்க சிலருக்கு அது ஆட்டமா, வலிப்பான்னே புரியல. சில ராத்திரிகள்ல அது ஆட்டமாத் தொடங்கி வலிப்பாவே முடிஞ்சுது. கீழே கூட்டம் கைதட்டிட்டு இருந்துச்சு.

`டிரான்ஸ்மிஷன்' அந்த அக்டோபர்ல சிங்கிளா வந்துச்சு. பெரிய ஹிட் ஆகும்னு ஃபேக்டரி கணக்குப் போட்டுது, ஆகல. என்னைக் கேட்டா அவங்களோட ஆகச்சிறந்த சிங்கிள் அதுதான். ரெண்டே பேஸ் நோட்டுல மெதுவாத் தொடங்கி, கடைசியில வீடே அதிர்ற மாதிரி முடியும். ரேடியோ கேட்டுக்கிட்டு ஆடுறதைப் பத்தின பாட்டு. சாவு வீட்டுப் பாட்டு எதுவும் இல்ல பாஸ்!

அடுத்தது `அட்மாஸ்ஃபியர்'. இந்தப் பாட்டை 1980 மார்ச்ல ஒரு சின்ன பிரெஞ்சு லேபிள் வெறும் 1,578 காப்பி மட்டும் வெளியிட்டுச்சு. இங்கிலாந்துக் கடைகள்ல பரவலாக் கிடைச்சது இயன் போன பிறகுதான். அதனாலேயே அது அஞ்சலிப் பாட்டா மாறிடுச்சு. 1988-ல் ஆன்டன் கோர்பைன் எடுத்த வீடியோ, அந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கிடுச்சு. 1980-லேயே `கோமகினோ'ன்னு மூணு பாட்டு உள்ள மெலிசான பிளாஸ்டிக் ரெக்கார்டையும் கடைகள்ல இலவசமாக் கொடுத்தாங்க. நல்ல பாட்டுகளைச் சும்மா அள்ளிக் கொடுத்த, பிசினஸ்னா என்னன்னே தெரியாத கம்பெனி. சிங்கிள்ஸை ஆல்பத்துல சேர்க்கிறதும் இல்ல. ஒரே பாட்டுக்கு ரெண்டு தடவை காசு வாங்கக் கூடாதுங்கிற மாதிரி ஒரு நேர்மை.

1979 ஏப்ரல்ல இயனுக்கு மகள் பிறந்தாள். அதே வருஷம் பெல்ஜியத்தைச் சேர்ந்த அனிக் ஹொனோரேயோட அவருக்கு நெருக்கம் உண்டாச்சு. வீட்டுல மனைவி, கைக்குழந்தை. வெளியே டூர் மேல டூர். வலிப்புக்கு அன்னைக்குக் கொடுத்த மாத்திரைகள் மனநிலையையே புரட்டிப் போடக்கூடியவை. தூக்கம் வேணும், ஓய்வு வேணும், பளீர்னு மின்னுற விளக்கு ஆகாது. ராக் பாடகர் வாழ்க்கையில இதுல எது நடக்கும்? 1980 ஏப்ரல் 4 அன்னைக்கு லண்டன்ல ஒரே ராத்திரியில ரெண்டு இடத்துல பாடினார், மின்னுற விளக்குக்கு நடுவுல விழுந்தார். சில நாள்ல உயிரை மாய்ச்சுக்க முயன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ஏப்ரல் 8, மறுபடியும் மேடை! பரி நகர்ல நடந்த அந்தக் கச்சேரியில அவரால ரெண்டே பாட்டுதான் முடிஞ்சுது. மத்ததை வேற ஆளுங்க பாட, கூட்டம் பாட்டில் வீச, ஹாலே ரணகளம் ஆச்சு.

மேடைக்குப் பின்னாடி இயன் உடைஞ்சு அழுதார். ஏன் யாரும் நிறுத்தல? எல்லாருக்கும் 22, 23, 24 வயசு. கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு இயனும் சொல்லிடுவார். அவர் எழுதின வரிகளைத் தாங்க கவனிச்சுக் கேட்டதே அவர் போன பிறகுதான்னு மத்த மூணு பேரும் பிற்பாடு வருத்தத்தோட ஒத்துக்கிட்டாங்க. அந்த மார்ச்ல பதிவு செஞ்ச ரெண்டாவது ஆல்பம் `க்ளோஸர்'ல, அவர் தன்னைத்தான் எழுதினார். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. முதல் ஆல்பத்துல மத்தவங்க, ரெண்டாவதுல தான். எல்லாமே மரண வாக்குமூலம்னு சொல்றதும் தப்பு, எல்லாமே வெறும் கற்பனைன்னு சொல்றதும் தப்பு.

மே 19 அமெரிக்கா கிளம்பணும். முதல் அமெரிக்க டூர். மே 18 அதிகாலை, மேக்கிள்ஸ்ஃபீல்ட் வீட்டுல இயன் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். இன்னும் ரெண்டு மாசத்துல 24 முடிஞ்சிருக்கும்.

(ஒரு நிமிஷம். இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்க நண்பருக்கோ மனசு ரொம்ப பாரமா இருந்தா, 104 அல்லது 14416-க்கு கூப்பிட்டுப் பேசுங்க. இயன் காலத்துல இல்லாத சிகிச்சைகள் இப்போ இருக்கு.)

`லவ் வில் டேர் அஸ் அபார்ட்' ஜூன் கடைசியில வந்துச்சு. இங்கிலாந்துல 13-வது இடம் வரை ஏறுச்சு. டோனி வில்சன் ஒரு சினாட்ரா ரெக்கார்டைக் கொடுத்து, இந்த மாதிரி குழைஞ்சு பாடிப் பாருன்னு இயன்கிட்ட சொன்னதா ஒரு கதை உண்டு. கேட்டா நம்பத் தோணும். மேல துள்ளுற கீபோர்டு, கீழே உடைஞ்சுக்கிட்டு இருக்குற ஒரு கல்யாணம். கல்யாண ரிசப்ஷன்ல இதைப் போட்டு ஆடுறவங்க இருக்காங்க, வார்த்தையைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. டெபோரா பின்னாடி எழுதின நினைவுக்குறிப்பைப் படிச்சப்புறம், அதே பாட்டு இன்னொரு பக்கத்துல இருந்து கேட்கும். பாடினவருக்குக் கிடைச்ச பரிதாபம், வீட்டுல குழந்தையோட இருந்தவங்களுக்கு ரொம்ப நாள் கிடைக்கல. அந்தப் புத்தகத்தை வெச்சுத்தான் 2007-ல் கோர்பைன் `கன்ட்ரோல்' படம் எடுத்தார்.

`க்ளோஸர்' ஜூலை 18-ல் வெளியாச்சு. அட்டையில ஜெனோவா நகரக் கல்லறைச் சிற்பம். அதை இயன் உயிரோட இருக்கும்போதே தேர்ந்தெடுத்து வெச்சிருந்தாங்க, ஆனா யாரு நம்புவா? மத்த மூணு பேரும் ஜாய் டிவிஷன்ங்கிற பேரை விட்டுட்டு நியூ ஆர்டர் ஆனாங்க. 1983-ல் `ப்ளூ மண்டே' மூலமா உலகத்தையே ஆட வெச்சாங்க. ஆனா அவங்களோட முதல் சிங்கிள், இயனோட கடைசிப் பாட்டுகள்ல ஒண்ணான `செரமனி'. அதுக்கு எழுதி வெச்ச வரிகள் இல்ல. கைவசம் இருந்தது ஒரு ரிகர்சல் டேப் மட்டும். குரல் தெளிவாக் கேட்காத அந்த டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் சம்னர் வார்த்தைகளைப் பிடிச்சார்.

இயன் அதை மேடையில பாடினது 1980 மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல. `ஸ்டில்' தொகுப்புல இருக்கு, கேட்டுப் பாருங்க. ஆரம்பத்துல அவர் குரல் கேட்கவே கேட்காது, மைக் ஏறல. கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். பாதியில திடீர்னு குரல் வரும். அன்னைக்கு அவங்க கடைசியா வாசிச்ச பாட்டு `டிஜிட்டல்'. ஃபேக்டரிக்காக ஹேனட்டோட முதன்முதல்ல ரெக்கார்டு பண்ணினதுல ஒண்ணும் அதேதான். மூணு நிமிஷத்துக்கும் குறைவு. ஹெட்போன்ல சவுண்டைக் கூட்டி வெச்சுக் கேளுங்க.